கடன் கொடுத்தவர் கைக்கு எட்டாத பணம்: பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த வக்கீல் ஆபீஸில் பல வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். புரோநோட்டு வழக்கு, சீட்டு வழக்கு, வங்கி வழக்கு என்று எதில் மாட்டியவராக இருந்தாலும், ஐம்பது வயதைத் தாண்டியிருந்தால் நாற்காலியில் உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "என் பி.எஃப்.பையும் எடுத்துக்குவாங்களா?" அந்தக் கேள்வியும் அதன் கிளைகளும்தான் இங்கே இருக்கின்றன. எல்லாம் இந்தியச் சட்டப்படி. உங்கள் காகிதங்களை ஒரு வக்கீல் பார்த்துச் சொல்வதற்கு இது ஈடாகாது.

கடன் ஆப்பிலிருந்து பேசுகிறவர் "உங்க பி.எஃப். அக்கவுண்ட்டை லாக் பண்ணிடுவோம்" என்கிறார். முடியுமா?

முடியாது. அவர் கோர்ட்டுக்குப் போய் டிகிரி (பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பாணை) வாங்கி வந்தாலும் முடியாது. 1952-ஆம் வருட வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, உறுப்பினர் கணக்கில் நிற்கும் தொகையை யாருக்கும் எழுதிக் கொடுக்கவோ, அதன்மேல் கடன் பாத்தியதை ஏற்படுத்தவோ முடியாது என்கிறது. உறுப்பினர் பட்ட கடனுக்காக எந்த நீதிமன்றமும் அதை ஜப்தி செய்யவும் முடியாது. உங்கள் சம்பளத்தில் பிடித்தது, முதலாளி போட்டது, வட்டி எல்லாமே இதில் அடக்கம். கம்பெனி தனியாக டிரஸ்ட் வைத்து பி.எஃப். நடத்தினாலும் இதே பாதுகாப்பு உண்டு.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, பழைய பி.எஃப்., கிராஜுவிட்டி சட்டங்களின் இடத்தை எடுத்துக்கொண்டது. ஆகவே இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் பழைய பிரிவு எண்களை அப்படியே மனுவில் எழுதிவிடாதீர்கள். வக்கீலிடம் கேட்டுப் புதிய எண்ணைப் போடுங்கள்.

அப்புறம் ஒன்று. வசூல் ஏஜெண்ட் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. "லாக் பண்ணிடுவோம்" என்று ராத்திரி பத்து மணிக்குப் பேசினால், அந்த அழைப்பைப் பதிவு செய்து வையுங்கள்.

எந்தெந்தப் பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு?

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவுதான் இதற்குத் தாய்ப் பிரிவு. எதை ஜப்தி செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்று அதில் நீளமான பட்டியல் இருக்கிறது. அரசு ஊழியர்களின் ஜி.பி.எஃப்., பொதுமக்கள் யாரும் போடக்கூடிய பி.பி.எஃப்., அரசோ தனியாரோ யார் கொடுத்தாலும் பென்ஷன் வாங்குகிறவரின் ஓய்வூதியமும் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி), கடன்பட்டவரின் உயிர்மேல் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பணம் எல்லாம் தொடக் கூடாத பக்கம். கிராஜுவிட்டிக்கு 1972 சட்டத்தின் 13-ஆவது பிரிவு தனியாக இன்னொரு பூட்டு போட்டிருந்தது. அரசுப் பென்ஷனுக்கு வெள்ளைக்காரன் காலத்து 1871 பென்ஷன் சட்டம் இன்னமும் காவல்.

வங்கி ஃபிக்சட் டெபாசிட், ஷேர், மியூச்சுவல் ஃபண்ட், நகை, காலி மனை இதெல்லாம் பட்டியலில் இல்லை. "ரிட்டயர்மெண்ட்டுக்காகத்தான் சேர்த்தேன்" என்று நீங்கள் மனதில் நினைத்துச் சேர்த்தது சட்டத்துக்குத் தெரியாது. எந்தப் பெட்டியில் போட்டீர்கள் என்பதைத்தான் அது பார்க்கும்.

கடன் வாங்கும்போது "ஓய்வூதியப் பலன்களிலிருந்து பிடித்துக்கொள்ளலாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேனே?

60-ஆவது பிரிவுக்குள்ளேயே (1ஏ) என்று ஓர் உட்பிரிவு இருக்கிறது. இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக ஒருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்கிறது. கடன் வாங்க வருகிறவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ரிட்டயர் ஆகி, பணம் என் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகும் பாதுகாப்பு தொடருமா?

கேள்விகளிலேயே சிக்கலானது இதுதான்.

1976-இல் ஜோதி சிட் ஃபண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், பி.எஃப். போன்ற தொகைகள் ஊழியரின் கைக்கு வந்து சேரும்வரை அவற்றின் தன்மை மாறாது, அதுவரை ஜப்தி செய்ய முடியாது என்றது. ஆக, கைக்கு வந்த பிறகு என்ன என்ற கேள்வி பாக்கி. 2008-இல் ராதே ஷ்யாம் குப்தா எதிர் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் ஒரு படி மேலே போனது. பென்ஷன், கிராஜுவிட்டிப் பணம் ஓய்வுபெற்றவர் கைக்கு வந்து, அவர் அதை ஃபிக்சட் டெபாசிட்டில் போட்ட பிறகும் தன் தன்மையை இழக்காது, 60-ஆவது பிரிவின் பாதுகாப்பு தொடரும் என்றது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த டெபாசிட் கிராஜுவிட்டிப் பணம்தான் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்.

எங்கள் ஆபீஸுக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வந்தார். சக ஆசிரியர் எடுத்த சீட்டுக்கு ஜாமீன் போட்டவர். எடுத்தவர் தவணை கட்டவில்லை, சீட்டு நடத்தியவர்கள் டிகிரி வாங்கி, நிறைவேற்று மனு போட்டு, ஆசிரியரின் டெபாசிட்டை முடக்கிவிட்டார்கள். மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏ.ஜி. ஆபீஸ் பணிக்கொடை உத்தரவு, கருவூலத்திலிருந்து பணம் வந்த தேதி உள்ள பாஸ்புக் பக்கம், நாலு நாள் கழித்துப் போட்ட டெபாசிட் ரசீது. தொகையும் தேதியும் பொருந்தின. வக்கீல் ஐயாவின் முகமே மலர்ந்துவிட்டது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால், இடையில் மகள் நிலம் விற்ற பணம் இரண்டு லட்சம் அதே கணக்கில் விழுந்து, அதுவும் சேர்ந்துதான் டெபாசிட் ஆகியிருக்கிறது. "ஒரே பேங்க்ல இருந்தா பார்த்துக்க வசதின்னு நினைச்சேன் சார்" என்றார்.

பணிக்கொடைப் பகுதியை கோர்ட் விடுவித்துவிட்டது. அந்த இரண்டு லட்சத்துக்கு வாய்தா மேல் வாய்தா. கடைசியில் சமரசத்தில் பாதியை விட்டுக்கொடுத்துத்தான் வெளியே வந்தார்.

அதனால் ஓய்வுக்கால வரவுக்கென்று தனியாக ஒரு கணக்கு வையுங்கள். அதில் வாடகை, பிள்ளை அனுப்பும் பணம், சீட்டுப் பணம் எதையும் விடாதீர்கள். பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பதிந்து வாங்குங்கள். அந்தப் பணத்தில் மனையோ ஷேரோ வாங்கிவிட்டால், "இது என் கிராஜுவிட்டிதான்" என்று வாதாடுவது மிகவும் கடினம்.

பென்ஷன் வரும் வங்கியிலேயே எனக்குக் கடனும் இருக்கிறது. வங்கி தானாகப் பிடித்துக்கொள்ளுமா?

பிடிக்கப் பார்க்கும். தவணைக்கான ஆட்டோ டெபிட் உத்தரவை நீங்களே கொடுத்திருந்தால் சத்தமில்லாமல் பிடிக்கும். பென்ஷனை ஜப்தி செய்ய முடியாது என்று வழக்குப் போட்டு வாதாடலாம், ஜெயிக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் வழக்கு முடியும்வரை மருந்துக் கடைக்காரர் காத்திருக்க மாட்டார். கடன் ஒரு வங்கியில் இருந்தால் பென்ஷன் கணக்கு வேறு வங்கியில் இருக்கட்டும். கடனில் சிக்கல் வரும் என்று தெரிந்த அன்றே மாற்றிவிடுங்கள்.

பேசாமல் பி.எஃப்.பை எடுத்து எல்லாக் கடனையும் அடைத்துவிட்டால் என்ன?

சட்டம் கடன் கொடுத்தவரிடமிருந்து உங்கள் பணத்தைக் காப்பாற்றும். உங்கள் கையெழுத்திலிருந்து காப்பாற்றாது. நான் பார்த்தவரை பி.எஃப். பணம் ஜப்தியில் போனதில்லை. பயத்தில்தான் போயிருக்கிறது. மிரட்டல் அழைப்பு ஒரு வாரம் தொடர்ந்து வந்தால் போதும், யாராலும் தொட முடியாத பணத்தை நாமே எடுத்துக்கொண்டு போய் நீட்டிவிடுகிறோம்.

கணக்கு தெரிந்தவர் ஒருவர் என்னிடம் எதிர்வாதம் செய்தார்: "பி.எஃப். தருவது 8.25 சதவீதம். கிரெடிட் கார்டு கேட்பது வருடத்துக்கு 36 சதவீதத்துக்கு மேல். எடுத்து அடைப்பதுதானே புத்திசாலித்தனம்?" உண்மைதான். கடன் சிறியது, வேலை நிலையானது, வயது முப்பத்தைந்து என்றால் நானும் மறுக்க மாட்டேன். ஆனால் மொத்தக் கடன் பி.எஃப்.பைவிடப் பெரியது, வேலையும் போய்விட்டது, வயது ஐம்பத்தைந்து என்றால் கதை வேறு. பி.எஃப்.பை முழுதாகக் கொட்டினாலும் கடன் தீராது. பிறகு கடனும் இருக்கும், வயதும் இருக்கும், பணம் மட்டும் இருக்காது.

எடுக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் வங்கியிடம் ஒரே தவணைத் தீர்வு பேசுங்கள். பாதுகாக்கப்பட்ட பணத்தைத் தவிர உங்களிடம் வேறெதுவும் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால் இறங்கி வருவார்கள். எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் எடுங்கள். கட்டியதும் நிலுவை இல்லை என்ற சான்றிதழ் வாங்காமல் நகர வேண்டாம். ஐந்து வருட சர்வீஸ் ஆகாமல் எடுத்தால் வருமான வரியும் உண்டு, 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் முன்கூட்டியே பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.

இன்னும் வேலையில் இருக்கிறேன். சம்பள ஜப்தி வந்தால் எவ்வளவு போகும்?

முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. சம்பளம் 46,000 என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் கழித்தால் 45,000. அதில் 30,000 உங்களுடையது. ஜப்திக்குப் போவது 15,000. கையில் 31,000 நிற்கும். அதுவும் காலமெல்லாம் இல்லை. ஒரே டிகிரிக்காக, தொடர்ந்தோ விட்டுவிட்டோ மொத்தம் 24 மாதம் பிடித்துவிட்டால், அந்த டிகிரிக்கு அதற்குமேல் சம்பளத்தில் கை வைக்க முடியாது. இந்த 24 மாதக் கணக்கைச் சம்பளப் பட்டியல் போடும் ஆபீஸ் ஞாபகம் வைத்திருக்கும் என்று நம்பாதீர்கள். நீங்களே எண்ணுங்கள்.

மனைவி, பிள்ளைகளின் ஜீவனாம்ச டிகிரி என்றால் கணக்கு தலைகீழ். உங்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதுதான் நியாயமும்.

நான் கடன் வாங்கவில்லை, ஜாமீன் கையெழுத்துதான் போட்டேன். முதலில் வாங்கியவரிடம்தானே கேட்க வேண்டும்?

இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆவது பிரிவின்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன் வாங்கியவரின் பொறுப்பும் சமம். யாரிடம் சுலபமாக வசூல் ஆகுமோ அவரிடம் போவார்கள். மாதாமாதம் சம்பளம் வாங்கும் ஆசிரியரும் வங்கி ஊழியரும் ஜாமீனுக்கு ஏன் அவ்வளவு கிராக்கி என்று நினைக்கிறீர்கள்? ஓய்வுபெற இரண்டு மூன்று வருடம் இருக்கும்போது யாராவது டீ வாங்கிக் கொடுத்து, "ஒரு கையெழுத்துதான் அண்ணே" என்றால், டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பி உறவு முறிந்தாலும் பரவாயில்லை என்பேன். கையெழுத்துப் போட்டாலும் பெரும்பாலும் அது முறியத்தான் போகிறது, பணத்தோடு சேர்ந்து.

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் பி.எஃப். போய்விடுமா?

போகாது. ஆனால் மஞ்சள் கடுதாசி, அதாவது ஐ.பி. எனப்படும் திவால் மனு, என்றால் என்ன என்பதையே பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். "ஐ.பி. போட்டுட்டான், இனி ஒரு பைசா தர வேண்டியதில்லை" என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அப்படி இல்லை.

தனிநபர் திவாலுக்கு இன்னமும் பழைய சட்டங்கள்தான். சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களுக்கு 1909-ஆம் வருடச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் வருட மாகாணத் திவால் சட்டம். 2016-இல் வந்த புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலாகியிருக்கிறது. 1920 சட்டப்படி மனுப் போட 500 ரூபாய்க் கடன் இருந்தால் போதும். அந்தக் காலத்து 500.

மனு ஏற்கப்பட்டுத் திவாலானவர் என்று கோர்ட் அறிவித்ததும், உங்கள் சொத்து கோர்ட்டின் பொறுப்புக்கோ கோர்ட் நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும். அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆனால் சிவில் சட்டப்படி ஜப்தி செய்ய முடியாத எதுவும் அந்தச் சொத்தில் சேராது என்று அதே சட்டத்தின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. பி.எஃப். சட்டமும், திவால் ரிசீவருக்கு அந்தப் பணத்தில் உரிமை இல்லை என்று பேரைச் சொல்லியே தடுத்திருந்தது.

சங்கடங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் மஞ்சள் கடுதாசியில் கரையாது, வங்கி வீட்டை ஏலம் விடலாம். அரசுக்குக் கட்ட வேண்டியதும், மோசடி செய்து வாங்கிய கடனும், கடனிலிருந்து விடுதலை உத்தரவு வந்த பிறகும் ஒட்டிக்கொண்டே இருக்கும். விடுதலை வாங்காத திவாலாளி, தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம்வரை சிறை. மளிகைக் கடையில் அரிசி மூட்டை கடனுக்கு வாங்குவதுகூட இதில் மாட்டும். உள்ளாட்சித் தேர்தலில் நிற்கிற ஆசை இருந்தாலும் கொஞ்ச நாள் மறந்துவிட வேண்டியதுதான்.

என் கம்பெனி வாங்கிய கடனுக்கு டைரக்டர் என்ற முறையில் பர்சனல் கியாரண்டி கொடுத்திருக்கிறேன்.

அப்படியானால் நீங்கள் 2016 சட்டத்தின் கீழ் வருகிறீர்கள். இந்த ஏற்பாட்டை எதிர்த்துப் போன வழக்குகளில் 2021-இலும் 2023-இலும் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஓய்வுக்காலப் பணத்தைப் பொறுத்தவரை இந்தச் சட்டம் மோசமில்லை. பி.எஃப்., பென்ஷன் நிதி, கிராஜுவிட்டி நிதியிலிருந்து ஊழியருக்கு வர வேண்டியதைத் திவால் சொத்திலிருந்து 155-ஆவது பிரிவு விலக்கிவைக்கிறது. அடமானம் வைக்காத ஆயுள் காப்பீட்டுப் பாலிசி, பென்ஷன் திட்டம், ஒரு லட்சம்வரை மதவழக்கப்படி அணியும் நகை, அடமானம் இல்லாத ஒரே வீடு ஆகியவையும் விலக்கு. ஆனால் வீட்டுக்கான மதிப்பு வரம்பு நகரத்தில் 20 லட்சம், கிராமத்தில் 10 லட்சம். சென்னையில் 20 லட்சத்துக்கு வீடு எங்கே கிடைக்கும் என்று விதி எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

நான் வேலை பார்த்த கம்பெனியே திவாலாகிவிட்டது. என் பி.எஃப்.?

ஏற்கெனவே கட்டப்பட்ட பணம் வருங்கால வைப்பு நிதி அமைப்பிடம் இருக்கிறது, கம்பெனியின் கடன்காரர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கம்பெனி கட்டாமல் விட்ட பாக்கிதான் பிரச்சினை. 2016 திவால் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, ஊழியர்களுக்குச் சேர வேண்டிய பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதித் தொகைகளை, கலைக்கப்படும் கம்பெனியின் சொத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது. ஜெட் ஏர்வேஸ் ஊழியர்கள் இதைப் பற்றிக்கொண்டுதான் பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கிக்காகப் போராடினார்கள். 2022-இல் தேசிய கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்ல, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. உங்கள் பாஸ்புக்கில் எந்த மாதத்திலிருந்து வரவு நின்றது என்று இன்றே பார்த்து, திவால் நடத்தும் அதிகாரியிடம் உரிமைகோரல் கொடுத்துவிடுங்கள்.

எல்.ஐ.சி. பாலிசி விஷயத்தில் "எம்.டபிள்யூ.பி." என்கிறார்களே, அது என்ன?

திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874. கணவன் தன் உயிர்மேல் பாலிசி எடுக்கும்போதே, மனைவிக்காக அல்லது மனைவி மக்களுக்காக என்று அதிலேயே அறிவித்துவிட்டால், அது அவர்களுக்கான டிரஸ்ட் சொத்து ஆகிவிடும். கணவனுக்கும் அதில் கை கிடையாது, அவன் கடன்காரர்களுக்கும் கிடையாது. இந்தப் பாதுகாப்பை இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர், சமணருக்கு விரித்ததில் மதராஸ்தான் முந்தி. இங்கே 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்கே பொருந்தியது, மற்ற மாகாணங்களுக்கு 1923 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கப் படிவம், அவ்வளவுதான். ஆனால் பாலிசி எடுக்கும்போதே கொடுக்க வேண்டும், பிறகு நினைத்துக்கொண்டு சேர்க்க முடியாது. அவசரத்துக்கு நீங்கள் அதன்மேல் கடன் வாங்கவும் முடியாது. கடன் கொடுத்தவர்களை ஏமாற்றவே எடுத்தது என்று நிரூபணமானால், அந்தப் பாலிசிப் பணத்திலிருந்து தங்கள் கடனை அவர்கள் கேட்கலாம். சாதாரண பாலிசியைக் கடனுக்காக வங்கிக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அது வங்கியுடையது, பாதுகாப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

டிகிரி வருவதற்குள் எல்லாவற்றையும் மனைவி பேருக்கு மாற்றிவிடலாமா?

ஒவ்வொரு கட்சிக்காரரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி. வேண்டாம். கடன் கொடுத்தவர்களுக்குக் குந்தகம் செய்யும் எண்ணத்தில் செய்த மாற்றத்தை, சொத்து மாற்றுச் சட்டம் 53-ஆவது பிரிவின் கீழ் ரத்து செய்யலாம். மாகாணத் திவால் சட்டத்தில், திவால் அறிவிப்புக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் நல்லெண்ணத்தோடும் தக்க விலைக்கும் இல்லாமல் செய்த செட்டில்மெண்ட் நிற்காது. மச்சானுக்கு மட்டும் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குக் கையை விரித்தாலும், மூன்று மாதத்துக்குள் மனு வந்தால் அதையும் கிளறுவார்கள். கோர்ட்டில் உங்கள் வார்த்தைக்கு இருந்த மரியாதையும் போய்விடும்.

நேர்மையான வழி, கடன் இல்லாத காலத்திலேயே பி.பி.எஃப்.பில் வருடம் 1.5 லட்சம்வரை போட்டு வருவது. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு பி.எஃப். கிடையாது, இதுதான் அவர்களுக்கான பெட்டி. பதினைந்து வருடம் முடிந்தும் நீட்டிக்கலாம்.

பணம் கட்டாவிட்டால் ஜெயிலில் போடுவார்களா?

கையில் வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டாதவரைத்தான் சிவில் சிறையில் வைக்க முடியும். வக்கில்லாமல் கட்டாதவரை வைக்க முடியாது என்று 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத்துக்கான டிகிரியில் பெண்களைக் கைது செய்யவே முடியாது. உங்கள் "வசதி"யைக் கணக்குப் போடும்போது, ஜப்தி செய்ய முடியாத சொத்தைச் சேர்க்கக் கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 51-ஆவது பிரிவின் விளக்கமே சொல்கிறது. "பி.எஃப்.பில் பத்து லட்சம் வைத்துக்கொண்டு கட்டவில்லை" என்று எதிர்த்தரப்பு வாதாடினால் உங்கள் வக்கீல் காட்ட வேண்டிய இடம் அது. செக் பவுன்ஸ் வழக்கு இதில் சேராது, அது கிரிமினல்.

ஜப்திக்குக் கோர்ட் அமீனா வீட்டுக்கு வந்தால் எதை எடுப்பார்?

டி.வி., பீரோ, பைக் எடுக்கலாம். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள் எடுக்கக் கூடாது. மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகையையும் தொடக் கூடாது. அதாவது தாலி.

வட்டிக்காரர் என் பென்ஷன் ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்திருக்கிறார். மாதம் அவரே எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறார்.

கொடுத்தது உங்கள் கையால் என்பதால் அவருக்கு உரிமை வந்துவிடாது. வரப்போகும் அரசுப் பென்ஷனை யாருக்கும் எழுதிக் கொடுப்பது 1871 சட்டப்படியே செல்லாது. வங்கிக்குப் போய் கார்டை முடக்கச் சொல்லிப் புதிய கார்டு கேளுங்கள், பத்து நிமிட வேலை. மிரட்டினால் காவல் நிலையத்தில் 2003-ஆம் வருடத் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கலாம். மூன்று வருடம்வரை சிறை, 30,000 ரூபாய்வரை அபராதம். புகார் கொடுக்கப் போகும்போது தனியாகப் போகாதீர்கள்.

நான் இறந்துவிட்டால் என் கடனுக்காகக் குடும்பத்தின் பி.எஃப்.பைக் கேட்பார்களா?

பழைய பி.எஃப். சட்டத்தின் 10-ஆவது பிரிவின் இரண்டாவது பகுதி இதற்காகவே எழுதப்பட்டது. உறுப்பினர் இறந்ததும் தொகை நாமினியைச் சேரும். இறந்தவர் கடனும் அதைத் தொடாது, நாமினி அதற்குமுன் பட்ட கடனும் தொடாது. மற்ற சொத்தைப் பொறுத்தவரை, வாரிசு தன் கைக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. அப்பா கடனை அடைப்பது மகனின் புனிதக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை வைத்து மகன்மேல் வழக்குப் போடும் வழியை இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அடைத்துவிட்டது.

நாமினி யார் என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? வேலைக்குச் சேர்ந்த வருடம், கல்யாணத்துக்கு முன்னால் அண்ணன் பேரையோ நண்பர் பேரையோ போட்டிருப்பீர்கள். குடும்பம் என்று ஒன்று வந்ததும் அந்த நியமனம் செல்லாது. புதிதாகப் போடாவிட்டால், உங்கள் மனைவி சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கும் பி.எஃப். ஆபீஸுக்கும் நடக்க வேண்டியிருக்கும். யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணும் ஆதாரோடு இணைந்த போனும் இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே மாற்றிவிடலாம்.